சிங்கப்பூரில் தம்பதியர் ஆலோசனைக்குத் தமிழில் போவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்யாணமாகித் திருச்சியிலிருந்து சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்துக்கு வந்த பதினான்காவது மாதத்தில் நானும் என் கணவரும் பேசிக்கொள்வதே கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்." "ம்." "நாளைக்கு லேட் ஆகும்." "சரி." ஒரு நாளுக்கு அவ்வளவுதான். ஆலோசகரைப் பார்க்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகும், எங்களுக்குப் பொருந்திய இடத்தில் போய் உட்கார ஐந்து மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் முழுக்க வீண். ஆங்கிலத்தில் பேசும் ஆலோசகரிடம் போய், என் மனதில் இருந்ததை என் கணவரே மொழிபெயர்த்துச் சொல்லும்படி விட்டதுதான் காரணம்.

நீங்கள் அந்த மூன்று மாதத்தை இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். அப்பா மகன், மாமியார் மருமகள், அண்ணன் தம்பி என்று யாரோடு பேச்சு அறுந்திருந்தாலும் பெரும்பாலான படிகள் இவைதாம்.

1. வீட்டில் பயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கை நீட்டுவது, கடப்பிதழைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, "ஊருக்கே அனுப்பிடுவேன்" என்று திரும்பத் திரும்ப மிரட்டுவது, ஃபோனைப் பறித்து யாரோடும் பேசவிடாமல் செய்வது. இவை நடக்கிற வீட்டுக்கு இந்தக் கட்டுரையின் மற்றப் படிகள் பொருந்தாது. இருவருமாகச் சேர்ந்து ஆலோசனைக்குப் போகாதீர்கள். அங்கே மனம் திறந்து சொன்ன வார்த்தைக்கு வீட்டுக்கு வந்ததும் அடி விழலாம். தனியாக 1800-777-0000 என்ற எண்ணை அழையுங்கள். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் அது, 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 999.

அடி விழுந்தால்தான் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. மனரீதியான கொடுமையும் குடும்ப வன்முறைதான் என்று 2025 ஜனவரி 2 முதல் சட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். 18 வயது ஆனவர் தானே விண்ணப்பிக்கலாம். "என் அனுமதி அட்டை அவர் தயவில்தானே இருக்கிறது" என்ற பயம் இருந்தால், அந்தப் பயத்தையே போனில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் 1767. மனம் தாங்காமல் யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் 1771, தேசிய மனநல உதவி எண். இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

2. எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழியில் ஆலோசனை கேளுங்கள்

இதுதான் நான் சறுக்கிய இடம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் போன இடத்தில், "ஆங்கிலம் என்றால் அடுத்த வாரமே நேரம் இருக்கிறது, தமிழ் என்றால் காத்திருக்க வேண்டும்" என்றார்கள். என் கணவர் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவார். எனக்கு ஓரளவு புரியும், கடையில் பேசிச் சமாளிப்பேன். சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று ஒத்துக்கொண்டேன்.

இரண்டாவது சந்திப்பில் ஆலோசகர் என்னைப் பார்த்து, "அன்று உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார். நான் தமிழில், "அத்தை ஃபோன்ல இருக்கும்போதே அப்படிக் கேட்டது எனக்கு ரொம்ப அசிங்கமா போச்சு" என்றேன். என் கணவர் அதை, "ஷீ வாஸ் ஆங்க்ரி வித் மை மதர்" என்று சொன்னார். அவர் வேண்டுமென்று மாற்றவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. ஆனால் நான் அவர் அம்மாமேல் கோபம் என்று சொல்லவே இல்லை. என் கணவர்தான் என்னைக் கூனிக்குறுகச் செய்தார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நாலு சந்திப்பு, மாமியார் பிரச்சினை என்ற தலைப்பிலேயே ஓடியது. இல்லாத ஒரு பிரச்சினைக்கு மூவரும் தீர்வு தேடிக்கொண்டிருந்தோம்.

"அசிங்கமா போச்சு", "மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு", "மனசு விட்டுப்போச்சு", "என்னை ஒரு ஆளாவே நினைக்கல". இவை ஒவ்வொன்றும் வேறு வேறு உணர்ச்சி. நமக்குத் தெரிந்த அளவு ஆங்கிலத்தில் சொன்னால் எல்லாமே கோபம் அல்லது வருத்தம் என்று இரண்டு டப்பாவுக்குள் போய்விடும். அந்த டப்பாவை வைத்துக்கொண்டு ஆலோசகர் என்ன செய்வார்?

ஆகவே முதல் போனிலேயே கேளுங்கள். கேட்கும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. "தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா?" என்று கேட்டால் இருக்கிறார் என்பார்கள். போய்ப் பார்த்தால் அவருக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். "ஒரு மணி நேரம் முழுக்கத் தமிழிலேயே ஆலோசனை நடத்துபவர் வேண்டும்" என்று கேளுங்கள். "காத்திருக்க வேண்டும்" என்றால் காத்திருங்கள். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் வீட்டில் என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மொழிபெயர்க்க என்று சித்தி பெண்ணையோ நண்பரின் மனைவியையோ கூட்டிப்போகாதீர்கள். அவர் இருக்கிற அறையில் பாதி விஷயம் வாயைவிட்டு வராது.

3. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

குடும்பச் சேவை நிலையம்: தீவு முழுவதும் 40க்கும் மேற்பட்டவை இருக்கின்றன, பலவும் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பிளாக்கின் கீழ்த்தளத்திலேயே. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் வட்டாரத்துக்கு எது என்று 1800-222-0000 என்ற காம்கேர் (அரசின் சமூக உதவித் திட்டம்) எண்ணில் கேட்கலாம். சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் இணையத்தளத்தில் அஞ்சல் எண்ணைப் போட்டும் தேடலாம்.

சிண்டா: இந்தியச் சமூகத்துக்காக 1991இல் தொடங்கியது. பீட்டி சாலையில் இருக்கிறது. குடும்பங்களுக்கான சேவைகளும் உண்டு. தமிழில் பேச வேண்டும் என்றால் நான் முதலில் அழைக்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். உங்களுக்கு அவர்களே உதவ முடியாவிட்டாலும் அடுத்து எங்கே கேட்கலாம் என்று தமிழிலேயே விசாரிக்கலாம்.

தனியார் ஆலோசகர்: நாங்கள் விசாரித்த இரண்டு இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு 160 வெள்ளி, 200 வெள்ளி என்றார்கள். ஒரு சந்திப்போடு முடியாது. ஆறு சந்திப்பு என்று வைத்தால் 960 முதல் 1,200 வெள்ளி வரை ஆகிவிடும். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் தொண்டு அமைப்புகளும் உண்டு, விலையைக் கேட்கும்போதே "வருமானத்தைப் பார்த்துக் குறைப்பீர்களா?" என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

கணவரின் நிறுவனம்: சில நிறுவனங்கள் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் சில சந்திப்புகளை இலவசமாகத் தருகின்றன. மனிதவளப் பிரிவில் விசாரிக்கலாம். தமிழ் ஆலோசகர் இருப்பாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இங்கே ஒரு கண்ணி. நீங்கள் இருவருமே வேலை அனுமதியிலோ சார்ந்திருப்போர் அட்டையிலோ இருந்தால், குடும்பத்தில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றவரா என்று சில இடங்களில் கேட்கலாம். என் கணவர் நிரந்தரவாசி, நான் நீண்டகால வருகை அட்டை. எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுப் பெண் நேரில் போய்க் காத்திருந்து திரும்பி வந்தாள். யாரிடம் எந்த அட்டை இருக்கிறது என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

4. போனில் என்ன சொல்வது

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகச் சொன்னால் போதும். எடுப்பவர் பெரும்பாலும் ஆலோசகர் இல்லை, பதிவு செய்பவர். என் முதல் போனில் நான் இருபது நிமிடம் அழுதேன். பிறகு அதையே இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

பெயர், வட்டாரம், எந்த அட்டை, தமிழ் ஆலோசகர் வேண்டும், இருவரும் வரச் சம்மதமா அல்லது ஒருவர் மட்டுமா, எந்த நேரம் முடியும். இவ்வளவே. நிலையங்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தில் இயங்குபவை. மாலைச் சந்திப்பு எந்த நாளில் உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணவர் அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்றால், அந்த விடுப்பைப் பற்றியே ஒரு சண்டை வரும்.

ஒருவர் வர மறுத்தால்? தனியாகப் போங்கள். நான் முதல் தமிழ்ச் சந்திப்புக்குத் தனியாகத்தான் போனேன். ஆங்கிலச் சந்திப்புகளால் அவர் சலித்துப்போயிருந்தார். இரண்டாவதுக்கு அவராகவே வந்தார்.

5. கையில் என்ன எடுத்துப் போவது

இருவரின் அடையாள அட்டை அல்லது அனுமதி அட்டை. முகவரி காட்டும் ஏதாவது ஒன்று, வாடகை ஒப்பந்தமோ மின்சாரக் கட்டணச் சீட்டோ. பணச் சிக்கலும் சேர்ந்திருந்தால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. மருந்து ஏதாவது எடுத்தால் அதன் பெயர், குறிப்பாகத் தூக்க மாத்திரை. திருமணச் சான்றிதழை எங்களிடம் கேட்கவில்லை, நகல் ஒன்று கைப்பேசியில் இருந்தால் போதும்.

வாட்ஸ்அப் உரையாடல்களைப் படம்பிடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோகாதீர்கள். நான் 43 படம் வைத்திருந்தேன். அதைத் திறந்ததும் சந்திப்பு விசாரணை மன்றமாக மாறிவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவற்றுக்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே ஒரு பக்கம்.

6. அந்த ஒரு பக்கத்தை எழுதுவது எப்படி

ஒரு சம்பவத்தை மட்டும் எடுங்கள். "எங்கம்மாவை அவர் மதிக்கறதே இல்லை" என்பது தீர்ப்பு. "தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, தேக்காவில் (லிட்டில் இந்தியா),  அம்மாவுக்கு நான் எடுத்த புடவையின் விலையைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் முன்னாலேயே 'இது இப்பத் தேவையா?' என்றார்" என்பது சம்பவம். நாள், இடம், வாயிலிருந்து வந்த வார்த்தை அப்படியே.

அடுத்து, அந்த நிமிடம் உங்கள் உடம்பில் என்ன நடந்தது? எனக்குக் காது சூடாகித் தொண்டை அடைத்தது. இதை எழுதும்போது வேடிக்கையாக இருக்கும், எழுதுங்கள்.

பிறகு அந்த உணர்ச்சிக்குப் பெயர் கொடுங்கள். பெயர் தெரியாமல் தடுமாறினால் பள்ளியில் மனப்பாடம் செய்த எட்டு மெய்ப்பாடுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நகை, அழுகை, இளிவரல் (கூனிக்குறுகல்), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. நான் உடனே வெகுளி என்று எழுதினேன். ஆலோசகர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கோபத்துக்கு ஒரு நொடி முன்னால என்ன வந்துச்சு?" யோசித்தேன். இளிவரல். சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவள் என்று கடைக்காரருக்குக் காட்டிவிட்டாரே என்ற கூச்சம். கோபம் அதற்குப் பின்னால் வந்தது.

அதே சம்பவத்துக்கு என் கணவரும் ஒரு பக்கம் எழுதினார். அவர் எழுதிய சொல் அச்சம். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மாதம் 400 வெள்ளி ஏறியிருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தால் ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்வேனோ என்று மறைத்து வைத்திருந்தார். புடவை விலை கேட்டதும் அந்தப் பயம் வாய்வழியாக வெளியே வந்திருக்கிறது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒன்றரை வருடத்தில் முதன்முறையாக ஒரே சம்பவத்தைப் பற்றி இருவரும் பேசினோம்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது வெறும் தாள் வேலை என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், பார்த்த முகத்தின் உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தபோது, ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிந்தது. எனக்கு அது மேசையிலேயே தெரிந்தது. "இளிவரல்" என்று எழுதி முடித்ததும் தொண்டை விட்டது.

7. காத்திருக்கும் வாரங்களில் வீட்டில்

"நீங்க" என்பதை விடாதீர்கள். நான் அவரை நீங்க என்றுதான் கூப்பிடுவேன், சண்டை முற்றும்போது மட்டும் "நீ" ஆகிவிடும். சொன்ன விஷயம் எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது, அந்த "நீ" மட்டும் ஒவ்வொன்றும் தேதியோடு நினைவிருந்தது. இரண்டு பேரும் வா போ என்று பேசும் வீடாக இருந்தாலும் உங்களுக்கென்று அப்படி ஒரு சொல் இருக்கும். எந்தச் சொல் என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கினால் பேச்சை நிறுத்துங்கள். பல ஆண்டுகள் தம்பதியரின் பேச்சைப் பதிவுசெய்து, கூடவே இதயத் துடிப்பையும் அளந்து பார்த்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் நிலையில் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக ஏறாது என்கிறார். அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆனால் சொல்லாமல் எழுந்து போகாதீர்கள். "இருபது நிமிஷம் கீழே நடந்துட்டு வர்றேன், வந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். சொல்லாமல் போவதை நான் கைவிட்டுப் போவதாகவே எடுத்துக்கொண்டேன். அவருக்கோ அது சண்டையைத் தவிர்க்கும் நல்ல எண்ணம்.

காட்மன் உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார்: ஆளின் குணத்தையே குறை சொல்வது, இகழ்வது, எதைச் சொன்னாலும் தற்காப்பாகப் பதில் சொல்வது, சுவர்போல வாயடைத்து நிற்பது. நான்கிலும் மோசம் இகழ்ச்சி. நம் வீடுகளில் அது பெரும்பாலும் "ஒங்க வீட்டு ஆளுங்க" என்று தொடங்கும். அப்படித் தொடங்கும் வாக்கியத்தை முடிக்காமலே விட்டுவிடுங்கள்.

நேரம் பார்த்துப் பேசுங்கள். இங்கே இரவு ஒன்பதரை என்றால் ஊரில் ஏழு மணி, எல்லார் வீட்டிலிருந்தும் ஃபோன் வரும் நேரம். எங்கள் சண்டைகளில் பாதி அந்த அழைப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள் தொடங்கியவை. அழைப்பு முடிந்ததும் அரைமணி நேரம் எதையும் பேசுவதில்லை என்று வைத்தோம். சனிக்கிழமை காலை கோப்பிக்கடையில், தே தாரிக் முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம். நாலு பேர் இருக்கும் இடத்தில் குரல் ஏறாது.

எழுத்துச் செய்தியில் சண்டை வேண்டாம். ஒற்றைச் "சரி"யை நீங்கள் படிக்கும் தொனி, அனுப்பியவர் தொனியாக இருப்பதில்லை.

8. முதல் சந்திப்பில்

ஒரு மணி நேரம், சில வேளை ஒன்றரை. முதல் பாதி படிவமும் கேள்வியுமாகப் போகும், சோர்ந்துவிடாதீர்கள்.

சம்மதப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தமிழில் விளக்கச் சொல்லலாம். பலர் பயப்படுவது, இங்கே பேசுவது நிரந்தரவாச விண்ணப்பத்துக்கோ அட்டை நீட்டிப்புக்கோ போய்ச் சேருமோ என்று. நாங்கள் நேராகவே கேட்டோம். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்றவை தவிர, எங்கள் சம்மதமில்லாமல் வெளியே போகாது என்றார்கள். நீங்களும் உங்கள் இடத்தில் கேட்டு, பதிலைக் கேட்டபின் பேசத் தொடங்குங்கள். தனியாகச் சந்தித்தபோது சொன்னதைத் துணையிடம் சொல்வார்களா என்பதையும் கேளுங்கள், அதற்கு ஒவ்வொரு ஆலோசகரும் ஒவ்வொரு முறை வைத்திருப்பார்.

ஆலோசகர் யார் பக்கம் என்று தேடாதீர்கள். நான் முதல் அரைமணி நேரம் அதைத்தான் செய்தேன்.

9. எத்தனை சந்திப்பு, நடுவில் மாறினால் என்ன செய்வது

எங்களுக்குத் தமிழில் எட்டுச் சந்திப்பு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதம். மூன்றாவதற்குப் பிறகு ஒருமுறை நிலைமை முன்பைவிட மோசமானது. மூடிவைத்ததெல்லாம் வெளியே வரும் நேரம் அது. அந்த வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். நான்காவது சந்திப்புக்குப் பிறகும் நீங்கள் பேசுவது ஆலோசகருக்குப் புரியவில்லை என்று தோன்றினால் நிலையத்திடம் சொல்லி வேறொருவரைக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். தமிழ் ஆலோசகரின் ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் இன்னொரு தம்பதி காத்திருக்கிறார்கள்.

வீடு மாறும்போது கவனம். குடும்பச் சேவை நிலையங்கள் வட்டாரத்தை வைத்துப் பார்க்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவோம். மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஆலோசகரிடம் சொல்லி, இதே இடத்தில் தொடர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், உங்கள் சம்மதத்தோடு குறிப்புகளைப் புது நிலையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயும் தமிழ் வேண்டும் என்பதை அந்தக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.